சேவல் சைக்கிளுக்கு ஓர் இடம் கேட்டு

மலையகத்தில் அருங்காட்சியகம் நடத்துவோருக்கும், புதிதாக ஒன்றை அமைக்க நினைத்திருப்போருக்கும்,

வணக்கம்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், எங்கள் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கோடிக் காம்பராவுக்குப் பின்னால் தகரச் சாய்ப்பு ஒன்று உண்டு. அதற்குள் சாக்குப் போர்த்திய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. பி.எஸ்.ஏ பேண்டம், டி1 ரகம், 1953ஆம் ஆண்டு வண்டி. பெற்றோல் டேங்கில் சேவல் படம் இருந்ததால் எங்கள் தோட்டத்தில் அதற்குச் சேவல் சைக்கிள் என்றே பேர். படம் எப்போதோ உரிந்துவிட்டது, பேர் மட்டும் நிலைத்துவிட்டது. இந்த வண்டியை உங்களில் ஒருவரிடம் ஒப்படைக்க விரும்புகிறேன். காசு வேண்டாம். ஆனால் அதை எங்கே வைப்பீர்கள், பக்கத்தில் என்ன எழுதுவீர்கள் என்பதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தேயிலை ஸ்டோரை, அதாவது தொழிற்சாலையை, அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறீர்கள். இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் கொழுந்து அரைத்த பழைய இயந்திரங்களும் அங்கே உண்டு. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் லயக் காம்பராக்களையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறீர்கள். இரண்டு இடமும் எனக்குப் பிடித்தவை. எங்கள் வண்டி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சாமான். ஓட்டியவர் பங்களாக்காரர். ஓட வைத்தவர்கள் லயத்துக்காரர்கள்.

ஓட்டியது சின்னத்தொரை, தோட்டத்தின் உதவி மேலாளர். விடியப்புறம் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போவதும், மலை மலையாகச் சுற்றி வேலை பார்ப்பதும் அதில்தான். வளைவுக்கு அப்பால் சத்தம் கேட்டதுமே கொழுந்து எடுக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று அப்பாயி சொல்வார். அதன் பிறகு மாலையில் அது ஸ்டோருக்கு வரும். அங்கே என் தாத்தாவும் அவருடைய அண்ணன் பெரிய தாத்தாவும், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டருக்குக் கையாட்கள். பெரிய தாத்தாதான் இஞ்சினில் கைவைப்பார். தாத்தா சாவி எடுத்துக் கொடுப்பார், சைலன்சரைக் கழற்றிக் கரி சுரண்டுவார். நான் ஹட்டனில் ஒரு கராஜில் பதினெட்டு வருசமாக வேலை செய்கிறேன். கையில் இருக்கும் தொழில் அந்த இரண்டு பேரிடமிருந்து வந்தது.

வண்டியின் வரலாற்றை நீங்கள் எழுதி வைக்கத்தான் போகிறீர்கள். பாதிக் கதையோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக நானே கொஞ்சம் சொல்கிறேன்.

பேண்டம் ஆங்கிலேயர் வண்டி என்று எல்லோரும் சொல்வார்கள். பிறந்த இடம் ஜெர்மனி. சாக்சனி மாநிலத்துச் சோப்பாவ் நகரில் இருந்த டி.கே.டபிள்யூ தொழிற்சாலை 1939இல் ஆர்.டி. 125 என்ற சின்ன மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் ஹெர்மன் வெபர். பழைய டூ ஸ்ட்ரோக் இஞ்சின்களில் பிஸ்டன் தலையில் திமில் மாதிரி ஒரு மேடு இருக்கும். புதுக் காற்றும் எரிந்த புகையும் கலக்காமல் பிரிக்க அது வேண்டியிருந்தது. ஷ்னூர்லே என்ற பொறியியலாளர் கண்டுபிடித்த முறையில், உள்ளே வரும் கலவையையே சிலிண்டரின் பின்சுவரில் மோதித் திரும்பும்படி துவாரங்களைச் சாய்த்து வைத்தார்கள். திமில் தேவையில்லாமல் போனது. பிஸ்டன் தட்டையானது, பாரமும் சூடும் குறைந்தன. ஆர்.டி. 125இன் உயிர் அந்த முறையில் இருந்தது.

போர் முடிந்ததும் தோற்ற நாட்டின் வரைபடங்கள் ஜெயித்தவர்களுக்குப் போர் இழப்பீடாகப் போயின. ரஷ்யர்கள் தொழிற்சாலை இயந்திரங்களையே கழற்றிக்கொண்டு போய் மொஸ்க்வா என்ற வண்டி செய்தார்கள். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் அதே வரைபடத்தில் ஒரு 125 செய்தது. ஜப்பானில் யமஹா 1955இல் செய்த தன் முதல் மோட்டார் சைக்கிளுக்கும் இதையே மாதிரியாக எடுத்துக்கொண்டது. வெபரையும் சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர் 1948இல் அங்கேயே இறந்துபோனார். ஊர் திரும்பவில்லை.

பிரித்தானியாவில் அந்த வரைபடம் பர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ், அதாவது பி.எஸ்.ஏ, கம்பெனிக்குக் கிடைத்தது. 1861இல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனி அது. அதன் சின்னமே ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். தமிழ்நாட்டு உறவினர்களிடம் பி.எஸ்.ஏ என்றால் மிதிவண்டியைத்தான் நினைப்பார்கள். இங்கே பழைய ஆட்களுக்கு அது மோட்டார் சைக்கிள். பர்மிங்ஹாம்காரர்கள் ஜெர்மன் படத்தை அப்படியே எடுக்கவில்லை, கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பிப் போட்டார்கள். அங்கே இடது பக்கம் இருந்த கியர் மிதியும் கிக்கரும் ஆங்கிலேயர் பழக்கத்துக்கு ஏற்ப வலது பக்கம் வந்தன. அளவுகளை மில்லிமீற்றரிலிருந்து அங்குலத்துக்கு மாற்றினார்கள். இஞ்சின் ரெடிச்சில் செய்து, வண்டியை ஸ்மோல் ஹீத்தில் பூட்டினார்கள். சின்னது, ஆனால் வீறாப்பு உள்ளது என்று சொல்வதற்காகக் குட்டைச் சண்டைக்கோழியின் பேரை அதற்கு வைத்தார்கள்.

1948 ஜூனில் முதலில் ஏற்றுமதிக்கென்று அறிவித்தார்கள். அக்டோபரில் உள்நாட்டிலும் விற்பனைக்கு விட்டார்கள். விலை 60 பவுண், வரியோடு 76 பவுண் 4 சிலிங். அடுத்த மாதம் 15ஆம் திகதி, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. என் தாத்தாவும் பெரிய தாத்தாவும் பிறந்த மண்ணில் நாடற்றவர்கள் ஆனார்கள். இரண்டு சம்பவத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஐந்து வருசம் கழித்து அந்த வண்டி கப்பலில் வந்து கொழும்பில் பதிவாகி, இலக்கத் தகடு வாங்கிக்கொண்டு மலைக்கு ஏறியது. அதைத் துடைத்துப் பூட்டிய கைகளுக்கு எந்தப் பதிவும் இல்லை. இந்த ஒன்றை வண்டியின் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். பிள்ளைகள் வாசிக்க வேண்டும்.

டி1 மிக எளிய வண்டி. 123 சி.சி., சிலிண்டர் விட்டம் 52 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 58 மில்லிமீற்றர், மூன்று கியர், நாலரைக் குதிரைவலு. வர்ணம் பனிமூட்டம் படிந்த மாதிரி ஒரு வெளிர்பச்சை. டேங்கின் இரு பக்கமும் பாலாடை நிறம். ஆரம்பத்தில் வந்தவற்றுக்குப் பின்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது. 1950 முதல் பின் சக்கரத்தின் இரு பக்கமும் குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்தார்கள். செசி இலக்கம் வை.டி.1 என்றால் ஸ்பிரிங் இல்லாதது, வை.டி.1.எஸ் என்றால் ஸ்பிரிங் உள்ளது. எங்களுடையது இரண்டாவது வகை. எங்கள் கல்லு ரோட்டில் அந்தச் சின்ன ஆட்டம் எவ்வளவு பெரிய உதவி என்பது அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இது மலைக்கென்று செய்த வண்டி இல்லை. மலை அதைச் சோதித்தது. டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் பெற்றோலோடு கலந்து ஊற்றும் ஒயில்தான் பிஸ்டனுக்கும் பெயாரிங்குக்கும் போகும். டேங்க் மூடியின் அடியிலேயே ஒயில் அளக்கச் சின்னக் கிண்ணம் வைத்திருப்பார்கள். ஏற்றத்தில் பிரச்சினை இல்லை, எக்சலேட்டர் திறந்திருக்கும், ஒயிலும் போகும். ஆபத்து இறக்கத்தில். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலைக்கு இறங்கும்போது எக்சலேட்டரை மூடிக்கொண்டு கியரில் வந்தால், சக்கரம் இஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், கலவை மட்டும் வராது. பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும், பின் சக்கரம் அப்படியே பூட்டிவிடும். ஒருமுறை அப்படி ஆகி சின்னத்தொரை வளைவில் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். அதன் பிறகு பெரிய தாத்தா அவரிடமே போய்ச் சொன்னாராம், "எறக்கத்துல அப்பப்ப கிளச்சப் புடிச்சு ஒரு முறுக்கு முறுக்கிட்டு விடுங்க தொரை, அதுக்கும் எண்ண குடிக்கணும்." லயத்து ஆள் தொரைக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த கதையாக அது தோட்டத்தில் பல காலம் நின்றது.

உயரத்துக்கும் பெரிய தாத்தாவிடம் வழி இருந்தது. நுவரெலியா 1,868 மீற்றர். கடல்மட்டத்தை விட அங்கே காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். காற்று குறைய, பெற்றோல் அதே அளவில் வர, பிளக் கறுத்துப் போகும், வண்டி இழுக்காது. தொரை நுவரெலியா போகிறார் என்றால் முதல் நாள் மாலை கார்புரேட்டரைத் திறந்து ஊசியை ஒரு காடி இறக்கிவிடுவார். திரும்பி வந்ததும் பழையபடி ஏற்றிவிடுவார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றவர். காது போதும், அவர் கேட்டுச் சொல்லிவிடுவார்.

உதிரிப்பாகம் வாங்கிய கடை பழைய மஸ்கெலியா டவுனில் இருந்தது. அந்த டவுன் 1969இலிருந்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் தலைகாட்டும். அந்தப் பக்கமாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் தாத்தா விரலை நீட்டி, கடை இருந்த திசையைக் காட்டுவார்.

டி1க்குப் பிறகு வந்தவற்றை விவரமாகச் சொல்லத் தேவையில்லை. 1954இல் 150 சி.சி. டி3, 1958இல் 175 சி.சி. டி5, அடுத்து டி7, டி10, டி14, கடைசியில் பி175. டி1 மட்டும் 1963 வரை அவற்றோடு கூடவே வந்துகொண்டிருந்தது. பிரித்தானியத் தபால்காரர்கள் தந்தி கொண்டுபோனதும் சிவப்பு வர்ணம் அடித்த அந்த வண்டியில்தான். மொத்தம் மூன்றரை லட்சத்துக்கு மேல் செய்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. குறை என்னவென்றால், கம்பெனி அந்த வெற்றியிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. 1971இல் கடைசி வண்டி வெளிவந்தபோதும் அது 6 வோல்ட் மின்சாரத்தில்தான் இருந்தது, ஒயிலைப் பெற்றோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும். அதற்குள் யமஹா ஒயிலுக்குத் தனிப் பம்ப் வைத்துவிட்டது. இறக்கத்தில் பிஸ்டன் காயும் வேதனைக்குப் பதில் ஜப்பானிலிருந்து வந்தது. ஒரே வரைபடத்தில் பிறந்த இரண்டு வண்டிகளில் ஒன்று அதைத் திருத்திக்கொண்டே போனது, மற்றது நின்ற இடத்தில் நின்றது. 1973இல் பி.எஸ்.ஏ கம்பெனியே வேறு கம்பெனியோடு சேர்ந்து கரைந்துபோனது. இன்று எங்கள் தோட்டத்து ரோட்டில் யமஹா ஓடுகிறது.

பெரிய தாத்தா அதைப் பார்க்க இங்கே இல்லை. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று ஆட்களைப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி மறு பட்டியலில். அவர் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போய், பிறகு நீலகிரியில் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். போகும் அன்றைக்கு முதல் நாள் ஸ்டோரில் வைத்துப் பொயின்ட் இடைவெளி பார்க்கும் தகடுகளைத் தம்பி கையில் கொடுத்து, "பதினஞ்சு தவுசன், மறந்துராத" என்றாராம், அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இடைவெளி. அதுதான் கடைசிப் பேச்சு. அந்தத் தகடுகளையும் வண்டியோடு தருகிறேன்.

1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஸ்டோர் மூலையில் ஓடாமல் கிடந்த வண்டியை இரும்பு விலைக்கு ஒதுக்கினார்கள். தாத்தா அதை வாங்கினார். அதற்கு முந்திய இரண்டு வருசமும் தோட்டங்களில் பட்டினி. ஆட்கள் மரவள்ளியும் கீரையும் தேடி அலைந்த காலம். அந்த நேரத்தில் காசு கொடுத்துப் பழைய இரும்பு வாங்கினதற்காக அப்பாயி பல நாள் அவரோடு பேசவில்லை. ஏன் வாங்கினீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "அண்ணன் கை அதுல இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது மூன்று வருசத்துக்கு முன். தாத்தா இறந்த பிறகு நான் முதல்முறையாக இஞ்சினைத் திறந்தேன். சிலிண்டரைத் தூக்கியபோது கசிவைத் தடுக்க அடியில் வைத்திருந்த கேஸ்கட் கம்பெனி கேஸ்கட் இல்லை. இரண்டு தாளை ஒட்டி, ஒயிலில் ஊறவைத்துக் கத்தரியால் வெட்டியது. ஸ்டட் துவாரங்கள் நாலும் அச்சடித்த மாதிரி சரியாக இருந்தன. தாளில் கோடுகள் தெரிந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கணக்கப்பிள்ளை மலையில் வைத்து எழுதும் சின்னச் செக்ரோலின், அதாவது ஆட்களின் வேலைநாள் பதிவேட்டின், பக்கம் அது. மை பென்சிலால் எழுதியிருந்தது. பேர்களின் முன்பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ஒரு பேர் 'யி' என்று முடிந்தது. ராமாயியா, கருப்பாயியா, மாரியாயியா, தெரியாது. அதற்கு நேரே கட்டங்களில் ஒன்று, ஒன்று, அரை, ஒன்று. அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது நாள் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், விழுந்திருக்கிறது. கொழுந்து குறைந்ததோ, பிந்தி வந்தாரோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ. அந்த அரைப்பேர்த் தாளின் மேல்தான் தொரையின் வண்டி அத்தனை வருசம் ஒயில் கசியாமல் ஓடியிருக்கிறது.

நான் இஞ்சினை மூடி வைத்துவிட்டேன். கேஸ்கட்டை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அன்றிரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

இதை எழுதக் காரணம், வண்டியைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பழைய வண்டி சேகரிப்பவர் ஒருவர் வந்து நல்ல விலை பேசினார். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இங்கே செய்த சாமான்களை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, இங்கிலாந்திலிருந்து அசல் பாகங்கள் இறக்கி, புதுசு மாதிரி பளபளவென்று ஆக்கிவிடுவேன் என்றார். அவர் அதைப் பாசத்தோடுதான் சொன்னார், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. இன்னொருவருக்குப் பதிவுப் புத்தகமும் செசி இலக்கமும் போதுமாம். இரண்டு பேருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். வண்டிக்கு வர்ணம் அடிக்க வேண்டாம். ஸ்டோர் கடைசல் இயந்திரத்தில் கடைந்த பித்தளைப் புஷ், லொறி டயரில் வெட்டிய மிதிக்கட்டை ரப்பர், ஓட்டைத் தகரத்தை அடைத்து ஈயம் ஊற்றிய டேங்கின் அடி, எதையும் மாற்ற வேண்டாம். அசல் பேண்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இங்கிலாந்தில் எத்தனையோ இருக்கின்றன. இப்படி ஒன்று அங்கே இல்லை. அதைத் தொப்பி, வேட்டைத் துப்பாக்கி, பங்களாப் படங்களின் நடுவே தொரைமாரின் வாழ்க்கை என்ற பகுதியில் நிறுத்துவதாக இருந்தால் எனக்குச் சம்மதமில்லை. ஹந்தானை என்றால் உருட்டும் இயந்திரங்களின் பக்கத்தில், ஸ்டோர் ஆட்களின் வேலையாக நிற்கட்டும். ஓல்ட் பீகொக் என்றால் காம்பராவுக்குள்ளேயே நிற்கட்டும். சோப்பாவில் இருந்து பர்மிங்ஹாம், அங்கிருந்து மஸ்கெலியா வரைக்குமான கதையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வெபரின் பேருக்குப் பக்கத்தில் என் பெரிய தாத்தாவின் பேரும் வர வேண்டும். பேரை உங்களுக்கு நேரில் தருகிறேன். கேஸ்கட்டைத் தனியாகக் கண்ணாடிக்குள், எழுத்து தெரியும்படி வையுங்கள். அந்தப் பெண்ணின் பேரை ஊகித்து எழுத வேண்டாம். மிஞ்சிய எழுத்து போதும்.

இன்னொன்றும் இருக்கிறது, வண்டியை விட அதுதான் அவசரம். தோட்டத்து ஸ்டோர்களில் பிட்டராகவும் கையாளாகவும் இருந்தவர்களில் ஒரு சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். எனக்குத் தெரிந்து பொகவந்தலாவையில் ஒருவர், தலவாக்கலையில் இருவர் இருக்கிறார்கள். எந்த இயந்திரத்துக்கு எந்த மாற்றுச் சாமான் வைத்தார்கள் என்பது அவர்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. நம் ஆட்கள் இங்கே வந்து 200 வருசம் ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது நிறையப் பேசினோம். கொழுந்துக் கூடை, தப்பு மேளம், பித்தளைப் பானை எல்லாம் நம் அடையாளம் என்றோம், சரிதான். ஸ்பனரும் நம்முடையதுதான். ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு ஆள் அனுப்பினால் நான் விடுமுறை போட்டுக் கூட வருகிறேன்.

வருவதாக இருந்தால் தென்மேல் மழைக்கு முன், மே மாதத்துக்குள் வாருங்கள். லயம் வரைக்கும் லொறி ஏறாது. சந்தியில் கோயிலடியில் நிறுத்துங்கள், நாங்கள் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து தருகிறோம். டயரில் காற்று இருக்கிறது. முன் பிரேக் மட்டும் பிடிக்காது, இறக்கத்தில் பின்னால் இரண்டு பேர் பிடித்து வர வேண்டும்.

இப்படிக்கு,
பிட்டர் கையாளின் பேரன்,
மஸ்கெலியா